மூன்றாவது தண்ணீர்

சிற்றாற்றங்கரைக் கல்லில் முப்பிடாதி மாத்துத் துணியை அடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சொக்கம்மாள் ஆச்சி வீட்டுக் கல்யாணத்தில் பெண் நடந்துவர விரிக்கும் வெள்ளைத் துணி அது. உவர்மண்ணில் ஊறி, வெள்ளாவியில் வெந்தது. மூன்று தண்ணீரில் அலசினால்தான் உவர் போகும். ஒரு தண்ணீர்தான் முடிந்திருந்தது.

"ஏட்டி, எந்திரி! கடையத்து மாப்பிள்ளை வீட்டாரு குளிக்க வாராவ" என்று கரையிலிருந்து விரட்டினார் ஆச்சி வீட்டுக் காரியஸ்தர். அவருக்குச் சம்பளமே அந்தக் குரலுக்குத்தான் போலிருந்தது.

"இன்னும் ரெண்டு தண்ணி அலசணும், ஐயா."

"அவிய குளிக்கிற எடத்துல உன் அழுக்கா? கெளம்பு!"

வில்வண்டிகள் வந்து நின்றன. துணியின் முனையை நாக்கில் வைத்துப் பார்த்தாள், உவர்த்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, உலர்த்தி மடித்தாள்.

காலையில் வாசலிலிருந்து மணவறைவரை அதை விரித்துவிட்டுப் பந்தல்கால் ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஆச்சியின் மகள் நாச்சியார் மஞ்சள் பூசிய ஈரக்காலோடு நடந்து வந்தாள். அவள் பின்னால் ஒவ்வொரு அடியும் செக்கச்செவேலென்று சிவந்தது.

மேளம் நின்றது. "பொண்ணு தூரமாயிட்டாளா? இந்தக் கோலத்துல தாலி கெட்டவா?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

நாச்சியாரின் கண் நிறைந்துவிட்டது. முப்பிடாதிக்குக் காரணம் புரிந்துவிட்டது. சொன்னால் ஆச்சி வீட்டு நெல் போகும். வருஷத்துக் கஞ்சியே அதுதான். ஆனால் அந்தப் பிள்ளை சமைந்த நாளில் மாத்துத் துணி கொடுத்தவளும் அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆச்சி, அது ரத்தமில்ல, மஞ்சளு" என்று முன்னால் வந்தாள். "நான் சரியா அலசல. ஆலாத்தித் தண்ணியில மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து செவக்குல்லா? உவர்லயும் அப்படித்தான். ஒரு எலுமிச்சம்பழம் தாங்க."

யாரும் கையில் கொடுக்கவில்லை, தரையில் உருட்டிவிட்டார்கள். அவள் பல்லால் கடித்துப் பிழிந்தாள். சாறு பட்ட தடங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளுக்குத் திரும்பின. மேளம் மறுபடி முழங்கியது.

தாலி ஏறியதும், கொல்லையில் நின்றவளிடம் ஆச்சி வந்தாள். "எம் மகள் மானத்தை வாங்கப் பாத்தியேட்டி! ஏன் அலசல?"

முப்பிடாதி பந்தலில் நின்ற காரியஸ்தரைப் பார்த்தாள். அவர் சம்பந்திக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே அழுக்கெடுக்க வராத. அந்த மாத்தை வெளுத்துக் கொடுத்துட்டுப் போ."

துணியைச் சுருட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். அவள் கல்லில் கடையத்து விருந்தாளிகள் உட்கார்ந்து சவுக்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டத்தில் உட்கார்ந்தாள். உவரில் வெடித்த விரல்களில் எலுமிச்சஞ்சாறு எரிந்தது. கையைக் கழுவ, அவர்கள் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தாள்.