தண்ணீர்க் கறை பிரஷ்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய்கூட இல்லை, நான்கே சொற்கள்: "அது ஒரு பிரஷ், அக்கா."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஓவியர் ஒருவர் தன் அக்காவின் வாட்டர்கலர் படத்தை எடுத்து...'

அடித்துவிட்டேன். யாரோ ஓர் ஓவியர் தலையில் கட்டிவிட்டால் எழுத வசதிதான். ஆனால் அது நான். புத்தக அட்டைகளுக்குக் கணினியில் படம் போடுகிறவன்.

3

அடுத்து, கட்டுரை போல ஒரு தொடக்கம்: காகிதத்தில் வண்ணம் காயக் காத்திருக்க வேண்டும், திரையில் வேண்டாம். காகிதத்தில் தவறு தங்கிவிடும், திரையில் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். திரையில் பிரஷ் என்றால் மென்பொருளில் வரும் தூரிகை, இழுத்தால் கோடோ கறையோ தானாக விழும். லேயர் என்றும் ஒன்று உண்டு. அடியில் ஒரு படத்தை வைத்து, மேலே வரைந்துகொண்டு, அடியில் உள்ளதை மறைத்துவிடலாம்.

(மறைத்துவிடலாமாம்! மறைத்தேன்.)

அடியில் இருந்தது அக்காவின் படம். ஜன்னலோரம் தலை வாரும் பெண். முகத்தை மாற்றினேன், படத்தை இடவலமாகப் புரட்டினேன். சுவரில் இருந்த தண்ணீர்க் கறையை மட்டும் விட மனசு வரவில்லை. அவ்வளவு அழகு. அப்படியே வெட்டி ஒட்டிக்கொண்டேன்.

4

புத்தகம் அச்சாகி வந்தது. உள்பக்கத்தில் 'அட்டை ஓவியம்' என்று என் பெயர். அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் வரையும்போது தண்ணி டம்ளரத் தட்டிவிட்டியே, அந்தக் கறை மாதிரியே இருக்குடா."

"அது ஒரு பிரஷ், அக்கா."

"கம்ப்யூட்டர்ல தண்ணிகூடக் கொட்டுமா?"

"எல்லாம் கொட்டும்."

கை கழுவப் போனவள், வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன் அட்டையைப் பிடித்து, இடவலம் மாறித் தெரிந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழமை வரேன். அந்த பிரஷ எனக்கும் சொல்லிக்குடு" என்றாள்.

கோபமே இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: டம்ளரைத் தட்டிவிட்டவன் நான். ஆக, அந்த அட்டையில் என் கைவேலை என்று துணிந்து சொல்ல அந்தக் கறை ஒன்றுதான் உண்டு.)

5

நான்கு நாளாக பிரஷ் தேடுகிறேன். இணையத்திலிருந்து இருநூறுக்கு மேல் இறக்கிப் பார்த்தாயிற்று. தண்ணீர் காயும்போது நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி ஒரு கோடு விடுமே, அது எதிலும் வரவில்லை.

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன், அக்கா சிரித்துவிடுகிறாள். (என் வசதிக்கு எழுதியது.)

முடிவு ஆ: அவள் கறையையே ஸ்கேன் செய்து, பிரஷாக்கி, அவளுக்கே சொல்லித் தருகிறேன். (எழுதவே கூசுகிறது. நேற்று பாதி செய்தும்விட்டேன்.)

6

இன்று ஞாயிறு. காலிங்பெல் அடிக்கிறது. கதவுத் துளை வழியே பார்த்தேன். அக்காவின் ஒரு கையில் சுருட்டிய காகிதம், இன்னொரு கையில் வண்ணம் அப்பிய அதே டம்ளர்.

எந்த முகத்தோடு போய் நிற்பேன்? இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள், கதவை நீங்களே திறந்துவிடுங்கள். நான் வீட்டில் இல்லை என்று சொல்லி...

வேண்டாம். இருக்கிறான் என்றே சொல்லுங்கள்.