தீவுப் பேச்சு

மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்து சொஜ்ஜியில் கைவைத்தபோதே தேவானைக்கு நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. பிஜியிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் கப்பலேறி வந்து சிந்தாதிரிப்பேட்டையில் குடியேறிய நாள் முதல், அவள் கணவன் எல்லப்பன் மகள் ஜலஜாவைத் தெருவில் வாய் திறக்க விடவில்லை. பிஜிக்குக் கிழக்கே நடுக்கடலில் சிதறிக் கிடக்கும் லாவ் தீவுகளில் பிறந்து வளர்ந்தவள் ஜலஜா. தென்னந்தோப்புக் கூலிகளாகத் தமிழர்கள் அங்கே சில பேர்தான். தீவுக்குத் தீவு பேச்சு கொஞ்சம் மாறும். படகேறி வருகிறவன் வாயைத் திறந்ததுமே எந்தத் தீவுக்காரன் என்று ஜலஜா சொல்லிவிடுவாள். தமிழ்தான் அவளுக்குத் திக்கியது. பெண்ணுக்குக் கூச்சம் அதிகம் என்று எல்லப்பன் வந்தவர்களிடம் சொல்லிவைத்திருந்தான்.

அங்கே மனிதரையே தின்பார்களாமே என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாள்.

எல்லப்பன் சிரித்தான். “அதுங்க காட்டு ஜனம்மா. பாஷையே கெடையாது. கொரங்கு மாதிரி கத்திக்கினு கெடக்கும்.”

கதவோரம் நின்ற ஜலஜாவுக்கு அந்த அளவு தமிழ் புரிந்தது. அவள் முகம் கறுத்ததைத் தேவானை பார்த்தாள். ஜலஜாவைப் பெற்றதும் தேவானைக்கு ஜன்னி கண்டபோது, அந்தக் குழந்தையையும் தன் கைக்குழந்தையையும் ஒரே மடியில் போட்டுக்கொண்டவள் லிதியா என்ற தீவுக்காரி. தேவானையை வேலைக்கு இழுத்துப்போக வந்த தோப்பு மேஸ்திரியை, வாசலில் குறுக்கே நின்று விரட்டியவளும் அவள்தான். அன்று எல்லப்பன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

“பாஷை இல்லாதவ பாலத்தான் உன் பொண்ணு குடிச்சா,” என்றாள் தேவானை. குரல் உயரவில்லை. “நான் ஜன்னில கெடக்கசொல்லோ, அந்தக் காட்டு ஜனந்தான் இத்த உசுரோட வெச்சிச்சு. அத்தயும் இவங்களாண்ட சொல்லு.”

மாப்பிள்ளையின் தாய் தட்டைத் தள்ளிவைத்தாள். போய்வருகிறோம் என்றுகூடச் சொல்லாமல் எல்லாரும் எழுந்து போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்புமுன்பே எல்லப்பன் கையை ஓங்கிக்கொண்டு தேவானைமேல் பாய்ந்தான். ஜலஜா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு லாவ் பேச்சில் ஆரம்பித்தாள். லிதியாவைக் குரங்கு என்றாயா, அவள் கூப்பிட்டால் ஓடிப்போய்ச் சாப்பிட்டவன் யார் என்று கேட்டுக்கொண்டே அவனை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனாள். எதிர்வீட்டு ஜஹீதா முறத்தோடு நின்றுவிட்டாள். குழாயடியில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாயை மூடு என்று எல்லப்பன் கத்தினான். அதை அவன் லாவ் பேச்சில்தான் கத்தினான். திக்காமல், தடுமாறாமல் வந்தது. ஜலஜா அடுத்த கேள்வியைக் கேட்டாள். வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல், தெரு முழுக்கப் பார்த்திருக்க, அவன் அதற்கும் அந்தப் பேச்சிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.