சாளையில் தனி அடுப்பு

தாசில்தார் தங்கசாமி அடுப்புக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, சுவரில் படிந்திருந்த கரியை ஒற்றை விரலால் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ராசப்பனுக்கு அடுத்த கேள்வி தெரியும். அடுத்தது உப்பு. உப்பைத்தான் கேட்பார்.

"உப்பு எதுலங்க வச்சிருக்கீங்க?" என்றார் தாசில்தார்.

கேட்டே விட்டார். வரிசை பிசகாமல் கேட்கிறார். கேட்காமல் என்ன செய்வார்? அந்த வரிசையை எழுதிக் கொடுத்த புண்ணியவானே ராசப்பன்தானே!

ராசப்பன் சேலத்தில் பல்கலைக்கழக மேற்படிப்பு மையத்தில் பொது நிர்வாகம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தான். திருச்செங்கோட்டில் பஸ் ஏறினால், சங்ககிரியில் லாரிக் கூட்டத்துக்குள் நின்று நின்று போய்ச் சேருவதற்குள் சட்டை கசங்கிவிடும். கலியாணமான பின்னும் படிக்கிறான் என்று ஊரில் கேலி உண்டு. அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் அது ஊருக்குள் வந்து என்ன பாடுபடுகிறது என்பதுதான் அவன் படித்த படிப்பு. அந்த வருஷம் பாடம் நில உச்சவரம்புச் சட்டம். அளவுக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்கள் மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும், அது நிலமில்லாதவர்களுக்குப் போகும். யார் கொடுத்தார்கள்? எப்போதோ வாய்ப்பேச்சிலேயே மகனுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தாயிற்று என்று எல்லா ஊரிலும் ஒரே பாட்டு. பொய்ப் பாகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பேராசிரியர் கட்டுரை கேட்டார். மற்றவர்கள் சட்டப் பிரிவுகளை எழுதினார்கள். ராசப்பன் அடுப்பை எழுதினான்.

பாகம் பிரிந்தவன் தனியாகத்தான் பொங்கித் தின்பான். பத்திரத்தைப் பார்க்காதே, அடுப்பைப் பார். சுவர்க் கரியைத் தொட்டுப் பார். உப்புச் சட்டி எங்கே என்று கேள். சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள் என்று பார். மகன் என்ன சாப்பிட்டான் என்று தாயிடம் கேள். நிலத்தைப் பற்றிப் பொய் சொல்வாள், அவன் சோற்றைப் பற்றிச் சொல்லமாட்டாள். கடைசியாக மகனிடம் குடிக்கத் தண்ணீர் கேள். சொந்த அடுப்படியில் எவனும் டம்ளரைத் தேட மாட்டான்.

எழுதும்போது அவனுக்குள் நியாயம் பொங்கி வழிந்தது. தன் வீட்டு நிலம் நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. நம் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று ஓரமாகத் தள்ளிவிட்டான். படித்த பிள்ளைகள் இப்படித்தான். நாட்டையெல்லாம் திருத்துவார்கள், தங்கள் காட்டை மட்டும் விட்டுவிடுவார்கள்.

பேராசிரியர் அவனைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். "பிரமாதம்ப்பா. நிலச் சீர்திருத்த அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தேன். உன் கட்டுரையைத்தான் பாடமா வச்சேன்" என்றார். அதில் என் பெயர் இருக்கிறதா சார் என்று கேட்க நினைத்தான் ராசப்பன். கேட்காமலே வந்துவிட்டான்.

அன்று பொழுதோடு வீடு திரும்பினால், அப்பா சின்னண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். விசாரணைக்குத் தாசில்தார் வருகிறாராம். கிழக்குக் காடும் கிணறும் மகன் கலியாணத்தின்போதே அவனுக்குப் பிரித்துக் கொடுத்தது, அவன் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறான் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். சாளை என்றால் கலப்பையும் மூட்டையும் கிடந்த கூரைக் கொட்டகை. பொய் என்று தெரிந்தால் நிலம் போகும். எமர்ஜென்சிக் காலம் வேறு. ஆளைக் கொண்டுபோனால் ஏன் என்று கேட்க நாதியில்லை.

"சர்க்காரு படிப்புத்தானே படிக்கற? ஒரு வழி சொல்லு சாமி" என்றார் அப்பா. வெள்ளாமை பொய்த்தபோதுகூட அவர் குரல் அப்படி உடைந்து அவன் கேட்டதில்லை.

ராசப்பன் வழி சொன்னான். கட்டுரையில் எழுதியதையெல்லாம் தலைகீழாகச் செய்தால் போதுமே! தோட்டத்து ஆள் மாரி மண் குழைத்து அடுப்புப் போட்டுக் கொடுத்தான். மிச்ச நிலம் கைமாறினால் அது போய்ச் சேரவேண்டியது மாரி மாதிரி ஆட்களுக்கு. மாரிக்கு அது தெரியாது, ராசப்பனுக்குத் தெரியும். அவனை நேராகப் பார்க்க வெட்கமாக இருந்தது. ராசப்பனே பருத்திமார்க் குச்சிகளை எரித்து எரித்துச் சுவரைக் கரியாக்கினான். வெளியே சாம்பல் குவித்தான். உப்புச் சட்டி, குடம், குடத்து மூடிமேல் கவிழ்த்த பித்தளை டம்ளர். மனைவி பாவாயி தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவள் இல்லாததால் தானே பொங்கித் தின்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். டம்ளரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எடுத்துப் பழகினான்.

"எம்பட பையன் மூளை யாருக்கு வரும்!" என்று அப்பா பூரித்துப் போனார். இந்தக் கேள்விகளெல்லாம் வரும் என்று உனக்கெப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று ராசப்பன் செத்துச் செத்துப் பிழைத்தான். தெரிந்தால் அடிப்பார் என்றால்கூடப் பரவாயில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை. பேச்சை நிறுத்திவிடுகிற ஆள். சொந்தத் தம்பியிடம் பேச்சை நிறுத்தியவர், அந்தத் தம்பியின் சாவுக்கும் போகவில்லை.

"உப்பு இந்தச் சட்டியிலங்க" என்று இப்போது எடுத்துக் காட்டினான். தாசில்தார் தலையாட்டினார். வெளியே போய்ச் சாம்பலைப் பார்த்தார். அதற்கும் தலையாட்டினார். பிறகு, வாசல் நடையருகே நின்றிருந்த ராசப்பனின் அம்மா சென்னியம்மாளிடம் திரும்பினார்.

"மகன் காலையில என்னம்மா சாப்பிட்டாரு?"

விடிந்ததும் சோளச்சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, "உண்ணு சாமி, வெறும் வயித்தோட அவங்க முன்னால நிக்காதே" என்று கையில் கொடுத்தவள் அம்மாதான்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் சென்னியம்மாள். "தனியாப் போனவன் என்னத்தத் தின்னான்னு நான் எட்டிப் பாக்கறதில்லீங்க. இந்தச் சாளைக்குள்ள நான் காலே வெக்கறதில்ல."

கண் இமைக்கவில்லை. குரல் பிசிறவில்லை. தாய் பொய் சொல்லமாட்டாள் என்று எழுதியவன் முகத்தில் நன்றாகக் கரியைப் பூசிவிட்டாள். அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! தாசில்தாரும் விரலில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அப்பா மூச்சை விடுவது கேட்டது.

"தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்களேன்."

இதுதான் கடைசி. இது மட்டும் கடந்தால் போதும். ராசப்பன் சாளைக்குள் போனான். பழகிய கை தானாகக் குடத்தை நோக்கி நீண்டது.

மூடிமேல் டம்ளர் இல்லை.

குடத்துக்குப் பின்னால் பார்த்தான். அடுப்புமேட்டில் பார்த்தான். குனிந்தான், நிமிர்ந்தான், உப்புச் சட்டியைக்கூட நகர்த்திப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் தாசில்தார் பேசாமல் நிற்கிறார். அவர் என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்று உலகத்திலேயே ராசப்பனுக்குத்தான் வார்த்தைக்கு வார்த்தை தெரியும். உறியைத் தொட்டான், அது ஆடியது. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

மகன் இப்படித் தவிப்பதைச் சென்னியம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாடத்துல இருக்குது சாமி! ஆபீசரு குடிக்கறது, கரியா இருந்துச்சுன்னு காலம்பற நாந்தான் புளி போட்டு வெளக்கி வெச்சேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசப்பன் மாடத்திலிருந்து டம்ளரை எடுத்தான். பளபளவென்று இருந்தது. தண்ணீரை மொண்டு கொடுத்தான். பாதி சிந்திவிட்டது. மீதியைத் தாசில்தார் நிதானமாகக் குடித்தார்.

"அவ ஏதோ வாய்தவறி..." என்று ஆரம்பித்தார் சின்னண்ணன்.

"வேண்டாங்க பெரியவரே. இதுக்கு மேல பேசினா உங்களுக்குத்தான் சங்கடம். பொய் சொன்னதா எழுதாம, நீங்களே மிச்ச நிலத்தை ஒப்புக்கிட்டதா எழுதிக்கறேன்." டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவர் ராசப்பனைப் பார்த்தார். "கட்டுரையில பேரைப் பார்த்தேன் தம்பி. வேற ராசப்பனா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் வந்தேன்."

"என்ன கட்டுரைங்க?" என்றார் அப்பா.

தாசில்தார் தயங்கினார். "எதைக் கேட்டா பொய்ப் பாகம் வெளியில வரும்னு உங்க மகன் எழுதியிருக்காருங்க. எங்களுக்கெல்லாம் அதுதான் பாடம்."

சின்னண்ணன் கரி படிந்த சுவரைப் பார்த்தார். வெளியே குவிந்திருந்த சாம்பலைப் பார்த்தார். கடைசியாக மகனைப் பார்த்தார். ராசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

சென்னியம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"எம்பட பையன் எழுதுனதையா நீங்கல்லாம் படிக்கறீங்க?" என்றாள். "நல்லா எழுதியிருக்கானுங்களா சாமி?"

"நல்லாத்தாம்மா எழுதியிருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கியது. சென்னியம்மாள்தான் மகன் தோளைத் தொட்டு, "வா சாமி, ஊட்டுக்குப் போலாம். சோறு ஆறிப்போவும்" என்றாள்.

சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நாலடி போனவர் நின்றார். மகன் பக்கம் திரும்பாமல் மனைவியிடம் சொன்னார்.

"அவனுக்குத்தான் தனி அடுப்பு இருக்குதல்ல. பத்த வெச்சுக்கச் சொல்லு."