ஜீவராணி துப்பாக்கியைக் காலி செய்த காலை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பதுளையில் பஸ் ஏறி பசறையில் இறங்குவதற்குள், பக்கத்து இருக்கையில் இருந்த ஜீவராணி என்ற தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் எனக்குச் சொன்னது. "எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்க. நடக்காதத மட்டும் சேத்துறாதீங்க," என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். துப்பாக்கி என்று எழுதியதுமே கை தானாக வெடிச்சத்தத்தைத் தேடிப் போகிறது.

முதல் தொடக்கம்: லயத்தின் தகரக் கூரை அதிர, அந்தக் காலையில் ஒரு வெடி...

அந்த வரியை அடித்துவிட்டேன். அன்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வெடிச்சத்தமும் கேட்கவில்லை. ஒரு சத்தம் கேட்காமல் போனதுதான் கதை.

2

ஜீவராணி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கணவன் அந்தோனிமுத்து படியேறி வந்தான். அவன் தோட்டத்து வாச்சர். காட்டுப்பன்றி மரவள்ளியைக் கிளறிவிடாமல் காவல் இருப்பவன். இடது தோளில் தோட்டத்து ஆபீஸ் துப்பாக்கி தொங்கியது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. வலது மணிக்கட்டு பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது.

"தண்ணிக் கான்ல சறுக்கிட்டேன் ராணி. இத அந்த மூலையில சாத்தி வையி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"உள்ள தோட்டா இருக்கா?"

"இல்ல. ரெண்டு போட்டேன். ரெண்டையும் வானத்தப் பாத்து சுட்டேன்."

"தெறந்து பாத்தீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? எனக்கு எண்ணத் தெரியாதா?"

ஜீவராணி துப்பாக்கியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து அதைத் துடைக்கும்போதெல்லாம் அவன் வாய் ஓயாது. கடைசித் தோட்டா வெடித்ததும், வெற்றுத் தோட்டா வெளியே துள்ளும் பக்கவாசல் திறந்தே நிற்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். இப்போது அது மூடியிருந்தது.

"அப்ப ஏங்க மூடிக் கெடக்கு?"

"விழுந்தப்ப தட்டி மூடியிருக்கும்."

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு பஸ்லியா தன் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு சிக்கும்போதெல்லாம் பிள்ளை சிணுங்குவது இங்கே கேட்டது.

3

(இந்த இடத்தில் அந்தோனிமுத்துவைக் கத்தவைத்தேன். "பொம்பளைக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று ஒரு வசனமும் எழுதினேன். கதைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜீவராணி சொன்னது வேறு: "அவரு கத்தலைங்க. வலியில உதட்டக் கடிச்சிக்கிட்டு நின்னாரு." வசனத்தை எடுத்துவிட்டேன். ஆளைப் பற்றி எனக்கிருந்த சந்தேகமும் அதோடு போயிற்று.)

"ஒத்தக் கையால ஒங்களால முடியாது," என்றாள். "நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

அவன் தயங்கினான். அவள் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். தோட்டா இருக்கக்கூடிய துப்பாக்கியை வீட்டுக்குள் சாத்தக்கூடாது என்பதும் சட்டம்தான். வலியிலும் அவனுக்கு அது உறைத்திருக்க வேண்டும். தோளைத் தாழ்த்திக் கொடுத்தான்.

லயத்துக்குப் பின்னால் போய், ஆள் நடமாட்டமில்லாத மண்மேட்டை நோக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்ணப் பாத்தே இருக்கணும். என்ன ஆனாலும் திருப்பிறாத."

"திருப்பல."

"வெரல் விசைக்குள்ள போகவே கூடாது."

"வெளியதான் இருக்கு."

"சேஃப்டி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"இப்ப பக்கத்துல இருக்கற கைப்பிடிய முழுசா பின்னால இழு. பாதியில விட்டுறாத."

இழுத்தாள். சிவப்பாக ஒன்று துள்ளி அவன் காலடியில் விழுந்தது.

தோட்டா. வெடிக்காதது.

 அந்தோனிமுத்து மெல்ல மண்ணில் உட்கார்ந்தான்.

"ரெண்டு சுட்டதும் பன்னிங்க ஓடிருச்சிங்க. திரும்ப வர்ற மாதிரி இருந்திச்சி. இன்னொண்ணு ஏத்தினேன். பாத்தா தாய்ப்பன்னி, பின்னால அஞ்சாறு குட்டி. சுட மனசு வரல. அத்தோட..." அவன் குரல் இறங்கியது. "அத்தோட மறந்தே போச்சி ராணி."

"சரி, விடுங்க. அடுத்து என்ன?"

"அவ்வளவுதான். காலி."

"இப்பிடித்தான் அப்பவும் சொன்னீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை வலித்ததால் பாதியில் நின்றது. அவன் சொன்னபடி பக்கவாசலைத் திறந்தே நிற்கவைத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணை நம்பாமல் சுண்டுவிரலையும் விட்டுத் தடவினாள். தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் அடிக்குழாயிலும் அப்படியே. ஒன்றுமில்லை. விழுந்த தோட்டாவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

(இவ்வளவு விவரம் எதற்கு என்று வாசித்துப் பார்த்த நண்பர் கேட்டார். ஒரு வரியைக் குறைக்கப் பார்த்தேன். எந்த வரியை எடுத்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை இருக்கிறாள்.)

4

ஆபீசில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது பெரிய கிளாக்கர் ஷாமில் அவனுடைய வீங்கிய கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாரு காலி பண்ணுனது?"

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் வந்தன. ஒன்றில் அந்தோனிமுத்து, இடது கையால் தானே காலி செய்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். மற்றதில் உண்மையைச் சொல்லி வேலையை இழக்கிறான். இரண்டையும் எழுதி முடித்தேன். இரண்டும் நடக்கவில்லை.

"ஏத்தினத மறந்தது நான்தாங்க ஐயா. கண்டுபிடிச்சி எடுத்தது இவ," என்றான்.

ஷாமில் நன்றாகவே திட்டினார். இனிமேல் துப்பாக்கி லயத்துப் பக்கம் போனால் வேலை இருக்காது என்றார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறியை வரச்சொன்னார்.

எலும்பில் கீறல். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, கட்டு. மத்தியானம் டாக்டர் எழுதிக்கொடுத்த துண்டைக் காட்ட மறுபடியும் ஆபீசுக்குப் போனார்கள். ஷாமில் அதை வாசித்துவிட்டு, அவனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் காவலுக்கு ஆள் வேணும். லைசன்சுக்கு நான் எழுதிப் பாக்கிறேன். நீ வர்றியா, ஜீவராணி?"

அந்தோனிமுத்து கட்டுப்போட்ட கையோடு நின்றபடி மெல்லத் தலையாட்டினான், வேண்டுமானால் போ என்பதுபோல.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் என் குரல்தான் கேட்கிறது.

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். ஷாமில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் எப்படிப் பேசுவாள் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லுங்கள்.