சுகிர்தாவுக்கு ஒரு பழைய சைக்கிள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீஞ்சூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள் கடை. ரயில் வர நேரமிருந்ததால் நின்று வேடிக்கை பார்த்தேன். முப்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, அதுவரை சைக்கிளில் ஏறியே அறியாதவள், தனக்கு ஒரு சைக்கிள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதை எழுதுகிறவனுக்கு இது போதும். (வயது எப்படித் தெரியும் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.)

எப்படித் தொடங்குவது என்பதில் மட்டும் சிறு குழப்பம்.

“சிப்காட்டின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல —”

வேண்டாம். சூரியனை வைத்துத் தொடங்கும் கதையை நானே தாண்டிப் போய்விடுவேன்.

“பெண்ணின் விடுதலைக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு —”

இது கட்டுரை. அதுவும் கூலி கொடுத்தாலும் யாரும் படிக்காத கட்டுரை.

“சுகிர்தாவுக்கு ஒரு சைக்கிள் வேண்டும், உடனே வேண்டும், விலை குறைவாக வேண்டும்.”

இது சரி. இருபத்துமூன்று கதை எழுதிய கை. எது நிற்கும், எது நிற்காது என்று அதற்குத் தெரியும்.

2

சுகிர்தாவின் ஊர் எளாவூர் போகும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில். அவள் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். இவள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள்.

ஊரிலிருந்து ஏழு பேர் வேலைக்குப் போனவரை கம்பெனி வேன் வந்தது. மூன்று பேராகச் சுருங்கியதும் நின்றுவிட்டது. மற்ற இருவரும் வேலையே வேண்டாம் என்று வீட்டோடு இருந்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் நகரும். மாதத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தால் கான்ட்ராக்டர் அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்வார். சுகிர்தாவுக்கு ஏற்கெனவே இரண்டு நாள் ஆகிவிட்டது. அட்டை போனால் மகனின் பாலிடெக்னிக் படிப்பும் போகும். ஸ்கூட்டிக்கு வசதியில்லை. தூரம் ஐந்து கிலோமீட்டர். ஆகவே சைக்கிள்.

(முதல் பிரதியில் இவளை விதவையாக்கி வைத்திருந்தேன். வாசகருக்குச் சுலபமாக இரக்கம் வரும் என்ற கணக்கு. பிறகு எனக்கே வெட்கமாகப் போய் அடித்துவிட்டேன். புருஷன் இம்மானுவேல் கல்லுக்குண்டு போல இருக்கிறான். லாரி ஓட்டுகிறான், வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருகிறான், வரும்போது பிரியாணி வாங்கி வருகிறான்.)

3

முப்பத்தொன்பது வயதில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் பழைய சைக்கிளில் எதைப் பார்த்து வாங்குவது? இதற்கு ஊரில் ஆளுக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். கியர் வைத்தது எடு, மிதிக்க லேசாக இருக்கும் என்பான் ஒருவன். பார் வைத்த பெரிய வண்டிதான் காலத்துக்கும் உழைக்கும் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஆறு வயதில் சைக்கிள் கற்றவர்கள். விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்த வயது அது.

சுகிர்தா அவர்கள் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். பார் இல்லாத, தாழ்ந்த வண்டியாகப் பார்த்து சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் குதிகால்வரை தரையில் பதிகிறதா என்று பார்த்தாள். பதியவில்லை. சீட்டை இரண்டு விரற்கடை இறக்கச் சொன்னாள். மறுபடி உட்கார்ந்தாள்.

“வுழப்போறோம்னு தெரிஞ்சா டக்குனு கால் ஊனணும் சார். மத்ததெல்லாம் அப்பால.”

அடுத்து, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு அது நெளிந்து ஓடுகிறதா என்று பக்கத்தில் குனிந்து பார்த்தாள். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளினாள். டயரை அழுத்தி வெடிப்பு தேடினாள். பேக்கிங்கில் இருக்கிறவள் அல்லவா, எந்தப் பொருளையும் ஆறு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள்.

அது அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த சைக்கிள். முன்னால் கூடை வைத்தது. ஓட்டிய பெண் ப்ளஸ் டூ முடித்து, ரயிலில் கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததும் வண்டி விலைக்கு வந்துவிட்டது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, உண்மைதான். ஆனால் தானமாக வந்த மாட்டை ஒருவன் சந்தையில் விற்கிறான் என்றால் பல்லை நன்றாகவே பார்க்கலாம். அவளும் பார்த்தாள். ஒரு இடம் தவிர.

4

கடைக்காரன் ரகு என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் அவனுக்கு ஒரு தங்கச் சங்கிலி போட்டேன். வாயில் பாக்கு வைத்தேன். பார்த்தவுடன் மோசக்காரன் என்று தெரிகிறது. தெரிந்தால் சுகிர்தா வாங்கியிருக்க மாட்டாள். சங்கிலியைக் கழற்றினேன். மரியாதையான ஆளாக்கினேன், படித்தவனாக்கினேன், கண்ணாடி மாட்டினேன். மாட்ட மாட்ட அவன் எனக்கு ரொம்பத் தெரிந்தவன் போல ஆகிக்கொண்டே வந்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாக சுகிர்தா அவனிடம் கேட்கிறாள்: “வேற எதுனா கோளாறு கீதா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அப்படிச் சொல்லும்போது அவன் கை, கூடைக்குக் கீழே, ஹேண்டில் வந்து சேரும் இடத்தில் —

இந்த வாக்கியத்தை நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடித்தேன்.

5

மீஞ்சூரில் நான் எந்தச் சைக்கிள் கடையிலும் நின்றதில்லை. முதல் பகுதியில் சொன்னது பொய். ரகு என்று யாரும் இல்லை.

சைக்கிள் என் மகள் ரம்யாவுடையது. விற்ற இடம் என் வீட்டு வாசல். விற்றவன் நான், ஆதிகேசவன். சுகிர்தா வேலை செய்யும் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அவள் வயது அடையாள அட்டையில் பார்த்தது. பழைய சைக்கிள் கடைக்காரனை யாராவது ‘சார்’ என்பார்களா? ‘அண்ணா’ என்பார்கள். மூன்றாம் பகுதியில் அவள் சார் என்று சொல்லிவிட்டாள். நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, எழுதும்போது நான் கவனிக்கவில்லை.

போன வருஷம் கேஸ் சிலிண்டரைக் கேரியரில் கட்டிக்கொண்டு வரும்போது வண்டியை ஒரு பள்ளத்தில் இறக்கினேன். ஹேண்டிலும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் விரிசல் விட்டது. வெல்டிங் கடை அப்பாவு பற்றவைத்துக் கொடுத்துவிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார்: “ஒட்டிக்கினு நிக்கும் சார், அவ்ளோதான். ரோட்டுக்கு எடுத்துக்கினு போவாதீங்க. இன்னொரு பள்ளத்துல எறங்குச்சுன்னா ஹேண்டில் தனியா கையோட வந்துரும்.”

நான் அந்த இடத்தில் பெயிண்ட் அடித்தேன். அதன்மேல் ரம்யாவின் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினேன். எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று என் மனைவி கல்பனா சொன்னாள். எடைக்குப் போட்டால் என்ன வரும்? பணத்துக்காகச் செய்யவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பணத்துக்காகத்தான் செய்தேன். சுகிர்தா அந்தப் பட்டாம்பூச்சியைத் தொட்டுப் பார்த்து, அழகா கீது என்றாள்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. எனக்கு வார விடுமுறை, வீட்டில் இருந்தேன். பத்து நாளாக சர்ச் மைதானத்தில், அவள் தோழி கிரேஸ் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, சைக்கிள் கற்றிருக்கிறாள். இரண்டு முறைதான் சாய்ந்தாளாம், இரண்டு முறையும் காலை ஊன்றிவிட்டாளாம். குரலில் அத்தனை சந்தோஷம்.

“இன்னிக்கு செகண்ட் ஷிஃப்டுக்கு வண்டிலயே போறேன் சார். மொத தபா ரோட்ல. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். நல்ல வண்டியா குடுத்தீங்க.”

பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று கேட்டேன். நன்றாகப் பிடிக்கிறது என்றாள். பார்த்துப் போம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன்பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து, மீஞ்சூர் ஸ்டேஷன் என்று எழுத ஆரம்பித்தேன்.

6

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

அ. ஒன்றும் ஆகவில்லை. அப்பாவு சும்மா பயமுறுத்தினார். வெல்டிங் இன்னும் பத்து வருஷம் நிற்கிறது. சுகிர்தாவின் மகன் படித்து முடிக்கிறான், அவனே அம்மாவுக்குப் புது வண்டி வாங்கித் தருகிறான். (பத்து வருஷமும் நான் அவளைக் கேன்டீனில் எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.)

ஆ. அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஸ்டிக்கரைப் பிய்த்துப் பார்த்து, இம்மானுவேலிடம் சொல்லிச் சரிசெய்துவிட்டாள். நான் போய் நின்றதும், எல்லாம் தெரியும் சார் என்று சிரிக்கிறாள். எழுதி முடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதனாலேயே இது செல்லாது. இந்த முடிவில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை, எனக்குத்தான் எல்லாம்.

இ. நெடுஞ்சாலை. செக்போஸ்ட்டை விட்டு வரிசையாக வரும் லாரிகள். ஓரத்தில் ஒரு பள்ளம், சுகிர்தா அதைக் —

இல்லை. எழுதமாட்டேன்.

7

ஒரு விஷயம் இப்போதுதான் உறைக்கிறது. உங்களிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. அடித்து அடித்து எழுதினாலும் சொல்லிவிட்டேன், நன்றாகவே சொன்னேன் என்று கொஞ்சம் பெருமைகூட. ஏனென்றால் அந்தச் சைக்கிளில் நீங்கள் ஏறப்போவதில்லை. ஏறப்போகிறவள் கதை படிப்பவள் அல்ல. படித்தாலும் இது அச்சாகி வர மூன்று மாதம் ஆகும்.

இப்போது இரண்டு தடவை போன் அடித்தேன். அணைத்து வைத்திருக்கிறாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் புறப்படுவாள். ஒன்றேகாலுக்குப் புறப்படுவாள். மணி பன்னிரண்டு ஐம்பது. என் பைக்கில் அவள் ஊருக்குப் பதினைந்து நிமிஷம்.

போய் என்ன சொல்வேன் என்று தெரியும். அதற்கு நல்ல வாக்கியம் எதுவும் தேட வேண்டியதில்லை. அந்த ஸ்டிக்கரைப் பிய்ச்சுப் பாரும்மா, நான் பொய் சொல்லி வித்தேன். அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்க அவள் பணத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஷிஃப்டுக்குத் தாமதமாகாமல் என் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்பேன், அவள் ஏறினால். வேறு வண்டி கிடைக்கும்வரை தினமும் கொண்டுவிடுகிறேன் என்பேன், அவள் ஒத்துக்கொண்டால். நாளைக்கு ஸ்டோர்ஸ் வாசலில் என்னைப் பார்த்து யாரும் சார் என்று சொல்லப்போவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

முடிவை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன், எனக்கு நேரமில்லை. நான் போவதற்குள் அவள் ஆசையில் பத்து நிமிஷம் முன்பே கிளம்பிவிட்டாளா, வாசலில் நின்று என்னைப் பார்த்து முதலில் சிரித்தாளா, பிறகு செருப்பைக் கழற்றினாளா, எல்லாம் உங்கள் இஷ்டம். ஆனால் யாராவது கீழே விழுந்தால்தான் கதை முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால், தயவுசெய்து அவளைத் தொடாதீர்கள். நான் இருக்கிறேன்.