மரியாதைக்குச் சொன்ன வர்றேன்

இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும்போல இருந்தது கொத்தனாருக்கு. வாரமெல்லாம் சுவர் பூசிய உடம்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாண்டியும் கட்டிலில் குப்புறக் கிடந்தார். கூடத் தங்கி, அதே கட்டடத்தில் கம்பி கட்டும் மச்சினன்தான் தைலம் தேய்த்தான்.

"மாமா, இன்னைக்கு சாரக்காரர் வீட்டுல சாப்பாடுன்னீங்களே?"

"மரியாதைக்குக் கூப்பிட்டாரு, மரியாதைக்கு வர்றேன்னேன். மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னா சொல்ல முடியும்?"

"நெசமாவே கூப்பிட்டிருந்தா?"

"நெசம்னா இன்னொரு தடவ கூப்பிட்டிருப்பாருல்ல? நீ அழுத்தித் தேய்டா மாப்ள."

கட்டடத்துக்குச் சாரம் கட்டும் சாரக்காரர், இவர்கள் பிழைக்க வந்திருந்த அந்த நாட்டு ஆள். போன மாதம் கொத்தனாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, மேஸ்திரி கண்ணில் பட்டால் ஊருக்கு ஏற்றிவிடுவார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். யாரும் சொல்லாமலே சாரக்காரர் கீழே இறங்கி, கலவை வாளியை ஒவ்வொன்றாக அவர் கைக்கு ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது வழக்கமாகிப் போனது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சாரக்காரர் ஒரு டப்பாவைக் கொத்தனார் முன்னால் வைத்துவிட்டு, மறுபக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே இங்கே விசாரித்துவிட்டு மச்சினன் வந்தான்.

"பக்கத்து வீட்டுல நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாங்களாம். அவரு சம்சாரம் வேலைக்கு லீவு போட்டுருக்கு. நீங்க வந்துருவீங்கன்னு பிள்ளைங்களக்கூட சாப்பிட விடலையாம் மாமா, இருட்டுற வரைக்கும். இங்க ஒரு தடவதான் கூப்பிடுவாங்களாம்."

கொத்தனார் டப்பாவைத் திறந்தார். முதல் வாயிலேயே நாக்கு எரிந்தது. மிளகாயைக் கண்டாலே தள்ளிப்போகிற மனிதர் வீட்டில் இவருக்காக அள்ளிக் கொட்டியிருந்தார்கள். அந்தக் காரத்தைப் பிள்ளைகளும்தானே தின்றிருக்கும்? கொட்டக் கை வரவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து முழுங்கினார்.

சாயங்காலம் டப்பாவைத் தேய்த்துக் கழுவினார். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று நிறையப் பழம் அடுக்கினார். மன்னிப்புக்கு அந்த ஊர் பாஷையில் என்ன சொல்வார்களென்று மச்சினனிடம் கேட்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

"வர்றோம்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவோம் மாமா."

"மன்னிப்புக் கேக்கப் போறவன் தேதி குறிச்சுக்கிட்டா போவான்? பேசாம வாடா."

மச்சினன் தெருமுனையிலேயே நின்றுகொண்டான்.

கதவைத் திறந்த சாரக்காரர் கிழிந்த பனியனில் இருந்தார். ஒரே அறை. துவைத்த துணி கட்டில் கொள்ளாமல் தரையில் கிடந்தது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு நின்ற அவர் மனைவி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகள் ஓடி ஓடித் துணியை அள்ளின. கொத்தனார் வீடாக இருந்தால் துணியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாங்க வாங்க என்றிருப்பார்கள். சாரக்காரர் கதவு நிலையில் கையை ஊன்றி வாசலை மறைத்தார். முகத்தில் கோபமில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டானே என்று குன்றிப்போயிருந்தார்.

கொத்தனாருக்கு வெட்கம் வந்தால் சிரிப்பு வரும். பாழாய்ப்போன சிரிப்பு, அங்கேயும் வந்தது. டப்பாவை நீட்டிக்கொண்டு சிரித்தபடியே நின்றார். சாரக்காரர் வாங்கிக்கொண்டு, தலையசைத்து, மெதுவாகக் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சொன்னீங்களா மாமா?"

"சிரிச்சிட்டேன்டா."

"சிரிச்சீங்களா! நல்லா இருக்கு. நேத்து பட்டினி போட்டீங்க, இன்னைக்கு சிரிச்சிட்டு வந்துட்டீங்க."

மறுநாள் காலையில் இனி வாளி வராது என்று கொத்தனார் தானே குனியப் போனார். வாளி வந்தது. கீழே சாரக்காரர், எப்போதும்போல, முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டு. கொத்தனார் வாயைத் திறந்தார். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தை வரவில்லை. வாளியை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

அந்த ஆளுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.