க்லை என்றால் பக்கம், க்லை என்றால் தூரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சியாங் மாயில் எந்தக் கோயிலில் நிறுத்தி வேண்டுமானாலும் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம். மலைமேல் இருக்கிற கோயிலில் மட்டும் சத்தியமே தேவையில்லை. அங்கே சாட்சி இருக்கிறார்.

விதுன் பட்டதாரிகளைப் படம் எடுப்பவர். அங்கியும் பூங்கொத்தும் கரடி பொம்மையுமாக வருகிற பிள்ளைகளைப் பல்கலைக்கழக ஏரிக்கரையில் நிற்க வைத்து எடுப்பார். பக்கத்தில் ரிஃப்ளெக்டரைப் பிடித்து, பிள்ளைகளின் முகத்தில் வெளிச்சம் பாய்ச்சுவது அவர் மனைவி கோப். அந்த ஊர்ப் பேச்சில் கோப் என்றால் தவளை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த செல்லப் பெயர். வைத்தபோது அவளுக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. வந்த பிறகுதான் எவ்வளவு பொருத்தமான பெயர் என்று ஊருக்கே புரிந்தது.

எடுப்பது விதுன் என்றாலும் சிரிக்க வைப்பது கோப். அதற்கு அவளிடம் இருந்த சரக்கு ஒன்றே ஒன்று: விதுன்.

“இந்த மனுஷன் வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறாரு பாத்தியா? மூச்சு விட்டாருன்னா சட்டைப் பட்டன் தெறிச்சு ஏரியில விழும். இரை போட்டாங்கன்னு மீனெல்லாம் ஓடி வரும்!”

பிள்ளை சிரிக்கும். விதுன் கேமராவை அமுக்குவார். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். அவர் முகம்தான் உப்பிப் போயிருக்கும்.

அப்படியிருக்கையில்தான் லென்ஸ் கடைக்காரர் தவீ அந்த டெலி லென்ஸைக் காட்டினார். ஆளை மட்டும் பளிச்சென்று நிறுத்தி, பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிடும் ஜாதி. அது எவ்வளவு கரைக்கும் என்பதற்கு தவீ ஒரே ஓர் உதாரணம் சொன்னார். லம்பூனில் ஒருவர் அதை வைத்து மணப்பெண்ணை எடுத்தாராம். பின்னால் நின்றிருந்த மாமியார் கரைந்தவர்தான், இன்னும் வீடு திரும்பவில்லையாம். பெண் வீட்டார் லென்ஸுக்கு மல்லிகை மாலை போட்டுவிட்டுப் போனார்களாம்.

“ஆனா அண்ணே, இதுல ஸூம் கிடையாது. முகம் மட்டும் வேணும்னா எட்ட நிக்கணும். முழு ஆளும் வேணும்னா ரொம்பவே எட்ட நிக்கணும்.”

“எவ்வளவு எட்ட?”

“அண்ணி பேசறது காதுல விழாத அளவுக்கு.”

விதுன் அப்போதுதான் அதைக் கையில் வாங்கினார். பிறந்த குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

சிக்கல் ஒன்றுதான். அதை வாங்க வேண்டுமானால் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளை விற்க வேண்டும். அந்தப் பெட்டியில்தான் கோப் மடியில் ரிஃப்ளெக்டரோடு உட்கார்ந்து, வழி நெடுக அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தபடி வருவாள்.

“ஒரு நாள் வெச்சு எடுத்துப் பாருங்க,” என்றார் தவீ. “நாளைக்குக் கடை சாத்துறதுக்குள்ள வேணுமா வேணாமான்னு சொல்லிடணும். இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு.”

வீட்டில் விதுன் பேச்சை மெல்ல எடுத்தார். “பின்னாடி எல்லாம் அப்படியே கரைஞ்சிடும் கோப்பு. தேங்காப்பால் மாதிரி.”

“என் வாய்க்குத் தப்பிக்கிறதுக்கு இவ்வளவு பெரிய குழாயா? ரெண்டு துண்டு பஞ்சை வாங்கிக் காதுல அடைச்சுக்கங்க. வண்டியாவது மிஞ்சும்.”

“தொழிலுக்குத்தான்டி கேக்குறேன்.”

“சத்தியமா?”

விதுன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் கீவி என்ற பெண் அங்கியோடு நின்றாள். கூடவே அப்பா, அம்மா, வேடிக்கை பார்க்க ஒரு பலூன்காரர். விதுன் லென்ஸை மாட்டிப் பார்த்தார். கீவியின் மூக்கு மட்டும் தெரிந்தது. பின்னால் நடந்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த ஊர்ப் பேச்சில் ‘க்லை’ என்று குரலை ஏற்றி இறக்கிச் சொன்னால் பக்கம். குரலை அசைக்காமல் சொன்னால் தூரம். பக்கத்தில் நின்று பேசுகிறவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஏரியைத் தாண்டிக் கத்தும்போது ஏற்றமாவது இறக்கமாவது, எல்லாம் ஒரே ஊளைதான்.

“க்லை!” என்று கத்தினாள் கோப். பக்கத்தில் வாருங்கள் என்றுதான் கத்தினாள்.

விதுன் தூரமாகப் போனார்.

“க்லை! க்லை!”

இன்னும் போனார். கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் பின்னாலேயே நடந்து சந்தைக்குள் புகுந்தார். காவ் சோய் என்ற நூடுல்ஸ் சூப் விற்கிற கடைக்காரி அவரை வாடிக்கையாளர் என்று நினைத்துக் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் அடிவாரம் வந்துவிட்டது. நாகம் படுத்திருக்கும் கோயில் படிகளில் முதுகைக் காட்டியபடியே ஏறினார். உச்சியில் ஒரு பிக்குவின் மேல் மோதித்தான் நின்றார்.

“எங்கப்பா பின்னாலேயே போற?”

“பொண்டாட்டி தூரமா போகச் சொன்னா சாமி.”

பிக்கு பெருமூச்சு விட்டார். “நானும் அப்படித்தான் இங்க வந்து சேந்தேன்.”

அங்கிருந்து பார்த்தால் கீவி முழுசாகத் தெரிந்தாள். இமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் ஏரி, மரம், பல்கலைக்கழகம் எல்லாம் பாலாகக் கரைந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேல், சத்தமில்லை. விதுன் வயிற்றைத் தாராளமாகத் தொங்கவிட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சுகமாக இருந்தது.

பிறகுதான் அது நடந்தது. லென்ஸுக்குள் கீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் அப்பா கண்ணைத் துடைத்தார். பலூன்காரர் கயிற்றைத் தவறவிட்டுவிட்டுச் சிரித்தார். கோப் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

என்ன சொன்னாள்? வயிறா? பழசு. குறட்டையா? அதுவும் பழசு. புதுசாக ஏதாவது கண்டுபிடித்துவிட்டாளோ? தன்னைப் பற்றிப் புதுசாக ஒன்றைச் சொல்லி ஊரே சிரிக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. எடுத்த படங்களைப் பார்த்தார். ஒன்றிலும் கீவி இவரைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் கோப் பக்கமே திரும்பியிருந்தாள்.

விதுன் லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினார். எப்போதும் படத்துக்கு ஒரு சாண் வெளியிலேயே நின்ற கோப் முதல் முறையாக உள்ளே வந்தாள். கீவி கரைந்தாள், பலூன்கள் கரைந்தன. கோப் மட்டும் நின்றாள். நெற்றியில் ஒட்டிய நரைமுடி, மேலுதட்டில் வேர்வை, ஓயாமல் அசைகிற வாய். ஒரு சொல் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை அமுக்கினார். பிறகு படிகளில் இறங்கி ஓடினார்.

“எங்கய்யா போனீங்க? பக்கத்துல வாங்க, பக்கத்துல வாங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன்!”

“அது கிடக்கட்டும். அப்ப என்ன சொன்ன?”

“எப்ப?”

“எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்களே, அப்ப. பலூனெல்லாம் பறந்துச்சே.”

“ஓ, அதுவா? சொல்ல மாட்டேன்.”

“கோப்பு...”

“இன்னும் கொஞ்சம் தூரமா போய்க் கேளுங்க. நல்லாக் கேக்கும்.”

“நான் சொல்லட்டா மாமா?” என்றாள் கீவி. கோப் ரிஃப்ளெக்டரால் அவள் வாயை மறைத்தாள்.

சாயங்காலம் தவீ பாதிக் கதவை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். விதுன் லென்ஸை மேஜைமேல் வைத்தார்.

“ஏண்ணே, கரையலையா?”

“நல்லாக் கரையுது. எல்லாம் நல்லாத் தெரியுது. ஒண்ணும்தான் கேக்க மாட்டேங்குது.”

வெளியே வண்டியின் பக்கப்பெட்டியில் கோப் உட்கார்ந்திருந்தாள். வீடு திரும்பும் வழியில் ஒரு சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது, அவர் பக்கம் சாய்ந்து அதைச் சொன்னாள். விதுன் சிரித்த சிரிப்பில் சட்டைப் பட்டன் தெறித்துப் போய், முன்னால் நின்ற ஷேர் வண்டியின் பின்விளக்கை உடைத்தது. ஓட்டுநர் இறங்கிச் சண்டைக்கு வந்தார். கோப் அவருக்கும் சொன்னாள். அவர் விளக்குக்கு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

கோப்பின் அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

விதுனிடம் அன்றும் இன்றும் இருப்பது ஒரே கேமராதான், லென்ஸைக் கழற்றவும் முடியாத, வேறு லென்ஸ் மாட்டவும் முடியாத வகை.